துரையிடம் சத்தம் போட்ட நாள்

தான் செய்த தப்பிலிருந்து ஓர் இயந்திரம் தானே பாடம் கற்குமா? நான் ஆராய ஆசைப்பட்டது இதைத்தான். எண்பதுகளின் தொடக்கத்தில், நமுனுகுல மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் உட்கார்ந்து இதைச் சொன்னால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். பார்த்தார்கள். என்னிடம் இருந்ததெல்லாம் ஒரு கணிதப் பட்டமும், பல்கலைக்கழகத்தில் முறை வைத்துத் தொட விட்ட ஒரு கணினியின் நினைவும்தான். அதை நம்பி இங்கிலாந்தில் ஒரு பேராசிரியர் முனைவர் பட்ட ஆய்வுக்கு எனக்கு இடம் தர யோசித்தார். முதலில் டெலிபோனில் பேசிப் பார்க்க வேண்டுமாம்.

எங்களுக்கு ஏது டெலிபோன்? பண்டாரவளையில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி தன் கடை நம்பரைக் கொடுக்கச் சொன்னார். நான் தனியாகப் போயிருக்க வேண்டும். எங்கள் சனம் விடுமா? நல்ல காரியத்துக்கு ஒற்றையாளாகப் போகக்கூடாதாம். அப்பா கோட்டு மாட்டிக்கொண்டார். மாமா, சித்தப்பா, அத்தை, வெற்றிலைத் தட்டு. பெண் பார்க்கப் போகும் கூட்டம் தோற்றுவிடும். டெலிபோனில் தட்டை யாரிடம் நீட்டுவது என்று கேட்டேன். "வாய மூடிக்கிட்டு வாடா," என்றார் மாமா.

மணி அடித்தது. கடைக்குள் துணி கிழிக்கும் சத்தம், வெளியே பஸ் ஹோர்ன், லைனில் ஒரே கரகரப்பு.

"கத்திப் பேசுங்க தம்பி, இல்லாட்டி அந்தப் பக்கம் கேக்காது," என்றார் முதலாளி.

கத்தினேன். தப்பான விடை சொன்ன இயந்திரத்துக்கு அது தப்பென்று எப்படி உணர்த்துவாய் என்று பேராசிரியர் கேட்டார். கழுத்து நரம்பு புடைக்க விளக்கினேன். அவர் ஒரு வழி சொன்னார். அது சரிவராது என்று பட்டது. "நோ சார், நோ!" என்று கத்தினேன்.

திடீரென்று குரல் நின்றது. அப்பாவின் கை டெலிபோன் பொத்தானை அமுக்கி லைனை வெட்டியிருந்தது.

"தொரைகிட்டயாடா நோங்கிற? அதுவும் இப்புடிச் சத்தம் போட்டு? உள்ளதும் போயிரும்டா!"

"போக்கடிச்சதே நீங்கதாம்பா!"

அவர் ரிசீவரைப் பிடுங்கி, தலையைக் குனிந்து, யாருமில்லாத லைனில், "சின்னப்பய தெரியாம பேசிட்டான், மன்னிச்சிக்குங்க தொரைங்களே," என்றார். எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. இளவயதில், காலையில் ஆள் எடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில், அப்பா ஒரே ஒரு தடவை தோட்டத்துத் துரையிடம் குரலை உயர்த்தியிருக்கிறார். அன்றைக்கே வேலையும் குடியிருந்த லயத்துக் காம்பிராவும் போய், கைக்குழந்தையான என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா றோட்டில் நின்றாளாம். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் ஆத்திரம் அடங்கவில்லை.

நல்ல காலம், கொஞ்ச நேரத்தில் மணி மறுபடி அடித்தது. லைன் கோளாறு என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து கத்தினேன். அப்பா இந்தத் தடவை கிட்ட வரவில்லை. கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றார். நான் கத்தும்போதெல்லாம் அவர் தோள் குறுகியது.

இடம் கிடைத்துவிட்டது. அப்பா நம்பவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் கேட்டதையே கேட்டார்.

"இம்புட்டுச் சத்தம் போட்டும் தொரை வெரட்டலயா?"

"வெரட்டலப்பா! வரச் சொல்லிட்டாரு!"

பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா அவசரமாக என் வாயைப் பொத்தினார்.

"மெதுவாடா," என்றார். "மெதுவா."