அத்தை கொண்டுவந்த மோரிஸ் மைனர்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் ஒரு பெரிய சண்டை நடந்தது. சண்டை என்றால் யாரும் சத்தம் போடவில்லை. அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். அத்தை இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டு நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார். எங்கள் வீட்டில் யார் ஜெயித்தார்கள் என்பதைத் தட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாதவர். சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் தாதியாக வேலை பார்த்துக்கொண்டு எங்களோடுதான் இருந்தார். சாலையில் அடிபட்டு வருகிறவர்களைத் தினமும் பார்த்ததாலோ என்னவோ, சக்கரம் வைத்த எதையும் அவர் எளிதில் நம்பமாட்டார். அப்பாவின் காரில் ஏறுவதற்கு முன்னால்கூடக் குனிந்து டயரைப் பார்ப்பார். அப்பாவுக்கு அது பிடிக்காது.

அன்று சாயங்காலம் தோட்டத்திலிருந்து போன் வந்திருந்தது. சுங்கை லாலாங் பக்கம் ஒரு தோட்டத்தில்தான் தாத்தா கிராணியாக, அதாவது ஆபீஸ் குமாஸ்தாவாக, இருந்தார். அவர் இறந்து, குடும்பம் டவுனுக்கு வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. இப்போது தோட்டத்தின் அந்தப் பகுதியில் வீடுகள் கட்டப்போகிறார்களாம். பழைய கிராணி வீட்டையும் அதன் பின்னால் இருக்கும் கொட்டகையையும் அந்த வாரக் கடைசியில் இடித்துவிடுவார்களாம். கொட்டகைக்குள் தாத்தாவின் மோரிஸ் மைனர் கார் இருந்தது. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அது அங்கேதான் நின்றுகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

“அங்கயே கிடக்கட்டும்க்கா. பழைய இரும்புக்காரன் வந்து எடுத்துக்குவான்,” என்றார் அப்பா.

“நான் எடுத்துக்கிட்டு வரேன்.”

“எடுத்துக்கிட்டு வந்து?”

“ஓட்டப் போறேன்.”

அப்போதுதான் அப்பா எழுந்து போனார். எங்கள் வீட்டு முன்னால் ஒரு கார் நிற்கத்தான் இடம் இருந்தது. தன் காரைத் தெருவில் நிறுத்த வேண்டிவருமே என்றுதான் அப்பாவுக்குக் கோபம் என்று நான் முடிவு கட்டினேன். அந்த விஷயத்தில் நான் அப்பாவின் பக்கம் இல்லை.

பள்ளி விடுமுறை ஆதலால் அத்தை என்னையும் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். டவுனில் பட்டறை வைத்திருந்த பாய் ஒருவரும் கூட வந்தார். பழைய கார் என்றால் சாப்பாடு தண்ணி மறந்துவிடுகிற மனிதர். பின்னாலேயே காரை ஏற்றிப் போகிற தட்டை லாரி ஒன்றும் வந்தது.

கொட்டகைக் கதவைத் திறப்பதற்கு முன் பாய் தகரத்தில் கம்பால் தட்டிக்கொண்டே சுற்றிவந்தார். பாம்பு இருந்தால் போகட்டும் என்று. பாம்பு வரவில்லை. ஒரு கோழிதான் கத்திக்கொண்டு வெளியே ஓடியது. உள்ளே, தூசியும் கோழி எச்சமும் படிந்து, நாலு டயரும் மண்ணில் சப்பையாக அமுங்கிப்போய், அந்தக் கார் நின்றது. நான் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. முகத்தில் இரண்டு விளக்குகளும் அகல விழித்துக்கொண்டு, யாரோ கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கும் பிள்ளையைப் போல இருந்தது.

பாய் பானெட்டைத் திறந்து பார்த்ததும் முகம் மலர்ந்துபோனார்.

“மிஸ்ஸி, எஞ்சின் முழுசா இருக்கு. பேட்டரியை மாட்டி, கொஞ்சம் பெட்ரோல் ஊத்தி ஒரு அடி அடிச்சுப் பாப்போம்லா. உயிர் வந்துச்சுன்னா மெதுவா ஓட்டியே போயிரலாம்.”

எங்கள் பக்கம் நர்ஸ்களை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். அத்தை கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னார்: “இன்னைக்கு இந்தக் காடி உருளும் பாய். ஓடாது.”

“ஒரே ஒரு தடவை, மிஸ்ஸி.”

“பிரேக் இல்லாத காடியில வந்தவங்களை எந்தக் கட்டில்ல படுக்கவைப்போம்னு வந்து பாக்குறீங்களா?”

பாய் பானெட்டை மூடிவிட்டு ஜாக்கியை எடுக்கப் போனார்.

ஜாக்கி மண்ணில் புதையாமலிருக்கப் பலகை வைத்தார்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக்கூடாது என்று அத்தை மரக்கட்டைகளைக் கொண்டுவந்து முட்டுக்கொடுக்கச் செய்தார். இறுகிப்போயிருந்த சக்கரங்களைப் பாய் சுத்தியலால் தட்டித் தட்டி இளக்கி, தான் கொண்டுவந்திருந்த வேறு சக்கரங்களை மாட்டினார். அதற்கே மதியம் ஆகிவிட்டது.

கஷ்டம் அதற்குப் பிறகுதான். கொட்டகை மேட்டில் இருந்தது. மழையில் ஊறிய மண்ணில் லாரியால் ஏற முடியவில்லை. கீழே செம்மண் சாலையிலேயே நின்றுவிட்டது. காரைச் சரிவில் இறக்கித்தான் கொண்டுபோக வேண்டும். சரிவின் ஓரத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு காண்டா, பெரிய சாக்கடை. காரிலோ பிரேக் இல்லை.

“நாலு பேர் பின்னால புடிச்சுக்கிட்டா போதும்,” என்றார் லாரிக்காரர்.

“பிடி நழுவுனா?” என்றார் அத்தை.

லாரியிலிருந்து தடித்த கயிறு ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். ஒரு முனையைக் காரின் பின்னால் அச்சில் கட்டி, கொட்டகைக்குப் பக்கத்தில் இருந்த செம்பனை மரத்தின் அடியில் அதை இரண்டு சுற்றுச் சுற்றச் செய்தார். மறுமுனையை ஒருவர் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் கார் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். ஸ்டீரிங்கைத் தானே பிடிப்பதாகச் சொன்னார். பாய் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். “நீங்க கீழ நின்னு வழி சொல்லுங்க பாய்,” என்று உள்ளே ஏறி உட்கார்ந்து, கதவைத் திறந்தே வைத்துக்கொண்டார்.

லாரிக்காரர் கயிற்றைக் கையில் எடுத்தபோது மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அப்பா. வேலைக்குப் போகிற மோட்டார் சைக்கிளிலேயே நேராக வந்திருந்தார், சட்டைப் பையில் அடையாள அட்டைகூட அப்படியே இருந்தது. மேட்டில் ஏறிவந்து, லாரிக்காரரின் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டு, மரத்தடியில் காலை ஊன்றி நின்றார்.

அத்தை திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியில் பார்த்திருக்க வேண்டும்.

“விட்டுறாதடா,” என்றார்.

“விடமாட்டேன்க்கா.”

கார் அசைந்தது. அப்பா ஒரு முழம் விட்டார், இறுக்கினார். மறுபடி ஒரு முழம். மரப்பட்டையில் கயிறு உரசிப் புகைவது போல ஒரு வாசனை வந்தது. பாதி வழியில் ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கி, காரின் பின்பக்கம் காண்டாவை நோக்கித் திரும்பியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அப்பா ஏறக்குறைய மல்லாந்து கிடந்தார், கயிறு மட்டும் கையைவிட்டுப் போகவில்லை. “சோத்தாங்கைப் பக்கம் ஒடிங்க மிஸ்ஸி, இன்னும், இன்னும்,” என்று பாய் சொல்லிக்கொண்டே இருந்தார். அத்தை ஒடித்தார். கார் நேராகியது. சாலைக்கு வந்து, லாரியின் பின்னால், யாரோ தொட்டு நிறுத்தியது போல நின்றது.

அன்று சாயங்காலம் வீட்டில் அத்தை அப்பாவின் உள்ளங்கைகளுக்கு மருந்து போட்டுக் கட்டினார். அன்று அப்பா முழுதாகச் சாப்பிட்டார். கையில் கட்டுப்போட்டிருந்ததால் அம்மா கரண்டி கொடுத்தார்.

அப்பாவின் கார் தெருவுக்குப் போயிற்று. மோரிஸ் மைனர் எங்கள் வீட்டு முன்னால் ஏறக்குறைய அந்த ஆண்டு முழுவதும் நின்றது. பாய் விடுமுறை நாட்களில் வருவார். அத்தை வேலை முடிந்து வந்து, உடை மாற்றிக்கொண்டு அவரோடு குனிந்துவிடுவார். டாங்கியில் மிச்சமிருந்த பெட்ரோலை, அம்மாவை அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டு, வெளியே வைத்து வடித்தார்கள். தேத்தண்ணி நிறத்தில் இருந்தது, பழைய வார்னிஷ் நாற்றம் அடித்தது. எலி கடித்திருந்த ஒயர்களைப் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போட்டார்கள். எஞ்சினுக்குள் எண்ணெய் ஊற்றி ஊறவைத்து, முன்னால் கம்பியைச் செருகிக் கையால் சுற்றினார்கள். முதல் வாரம் அது அசையவில்லை. பிறகு ஒருநாள் பெருமூச்சு விட்டதுபோல ஒரு சத்தத்தோடு சுற்றியது.

“இப்பவாச்சும் ஸ்டார்ட் பண்ணுவோமா?” என்று பாய் கெஞ்சினார்.

“மொதல்ல நிக்கட்டும் பாய். அப்புறம் ஓடட்டும்.”

பிரேக் சாமான்கள் பினாங்கிலிருந்து வர வேண்டியிருந்தது. வந்தபின் பிரேக் குழாய்களிலிருந்து காற்றை எடுக்கிற வேலையில் எனக்கும் பங்கு கிடைத்தது. நான் ஓட்டுநர் இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்து, பிரேக்கை மிதிக்க வேண்டும். பாய் அடியிலிருந்து “அமுக்கு பாப்பா” என்பார். அமுக்குவேன். “புடி” என்பார். பிடிப்பேன். “விடு” என்பார். கால் நடுங்கும் வரை செய்தேன். எஞ்சின் ஓடுவதைவிட இது பெரிய வேலை என்று அத்தை சொன்னதை நான் முழுதாக நம்பினேன்.

இருக்கைகளைக் கழற்றிச் சுத்தம் செய்தபோது பின் இருக்கைக்கு அடியில் வெளுத்துப்போன ரோஸ் நிற நாடா ஒன்று கிடைத்தது. பரிசுப் பொட்டலத்தில் கட்டுவார்களே, அப்படி அகலமானது. நான் அதைத் தலையில் கட்டிக்கொள்ளக் கேட்டேன். அத்தை வாங்கி ஒரு கணம் பார்த்தார். பிறகு எண்ணெய் அளவு பார்க்கிற கம்பியை உருவி, அந்த நாடாவாலேயே துடைத்து, திரும்பச் செருகி எடுத்து அளவு பார்த்தார். நாடாவைக் குப்பைக் கூடையில் போட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டில் கந்தல் துணி இல்லாமலா போயிற்று?

எஞ்சினை முதன்முதலாக ஓட்டிப் பார்த்த அன்று அப்பா கடையிலிருந்து தீயணைக்கும் சிவப்புக் குடுவை ஒன்றை வாங்கிவந்து, திருடனுக்குக் காத்திருப்பவரைப் போலப் பக்கத்தில் நின்றார். அது தும்மியது, புகை விட்டது, நின்றது. மறுபடி தும்மியது. பிறகு ஓடத் தொடங்கி ஓடிக்கொண்டே இருந்தது. பாய் கண்களைத் துடைத்துக்கொண்டார். புகைதான் காரணம் என்றார்.

அந்தக் கார் ஏன் கொட்டகையில் கிடந்தது என்பதை அம்மா எனக்குச் சொன்னது பல ஆண்டுகள் கழித்து, எனக்கே கல்யாணப் பேச்சு நடந்தபோதுதான். அத்தைக்கு இளவயதில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. திகாம் பத்து என்கிற ஊரில் இருக்கிற மாதா கோயிலில் திருமணப் பூசை. அன்று காலை தாத்தா காரைக் கழுவினார். அப்பா அப்போது பள்ளிக்கூடப் பையன், அவர்தான் காருக்கு ரோஸ் நாடா கட்டினார். அத்தை அலங்காரத்தோடு காரில் ஏறி உட்கார்ந்துவிட்ட பிறகு மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்தது. மாப்பிள்ளை முந்தின நாளே யாரிடமும் சொல்லாமல் சிங்கப்பூருக்குப் போய்விட்டானாம். வாசலில் தோட்டத்து ஜனமே கூடி நின்றது. அத்தனை பேர் நடுவில் மகளை இறங்கச் சொல்லத் தாத்தாவுக்கு மனம் வரவில்லை. காரை அப்படியே ஓட்டிப்போய்க் கொட்டகைக்குள் விட்டு, கதவைச் சாத்தினார். உள்ளேதான் அத்தை இறங்கினார். அதன்பின் தாத்தா கடைசிவரை சைக்கிளில்தான் போனார். நாடாக்களை அவிழ்த்தது அப்பா.

இது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. ரோட்டெக்ஸ் என்கிற சாலை வரிச் சீட்டும் இன்சூரன்ஸும் கிடைத்து, பாய் புதிதாக மாட்டிய இருக்கைப் பட்டைகளை அத்தை இழுத்து இழுத்துச் சோதித்த பிறகு, முதன்முதலாகக் காரில் ஏறியவள் நான் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். அத்தைக்கு அன்று ஓய்வு நாள். எப்போதும் சீருடையோ பாஜு குரோங் என்கிற மலாய் உடையோ போடுகிறவர், அன்று நீலச் சேலை கட்டியிருந்தார்.

திகாம் பத்துக்குப் போகிறோம் என்று சொன்னவர், எதிர்த்திசையில் சுங்கை லாலாங்குக்கு ஓட்டினார். தோட்டத்து முனையில் கொட்டகையும் இல்லை, மேடும் இல்லை. வெறும் செம்மண். அங்கே காரைத் திருப்பி, பிறகுதான் வந்த வழியே டவுனைத் தாண்டித் திகாம் பத்துக்குப் போனார். சுற்றுவழி என்று எனக்கே தெரிந்தது. லாரிகள் எங்களை முந்திக்கொண்டு போயின. அத்தை வேகத்தைக் கூட்டவில்லை.

மாதா கோயிலின் வாசலுக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்தினார். கேட் பூட்டியிருந்தது. அத்தை இறங்கி, சேலையைச் சரிசெய்துகொண்டு, கேட்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். நானும் இறங்கிப் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

“அத்தை, இன்னைக்குப் புதன்கிழமை. பூசை இல்ல.”

“ஆமால்ல,” என்றார் அத்தை. பிறகு சிரித்தார். “பசிக்குதா? ரொட்டி சானாய் திங்கலாமா?”

நான் இரண்டு ரொட்டி தின்றேன். அத்தை மூன்று தின்றார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு அத்தையை நினைத்துப் பாவமாக இருந்தது. டயரிலிருந்து பட்டை வரை எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்க்கிறவர், கிழமையைப் பார்க்காமல் சேலை கட்டிக்கொண்டு பூட்டிய கோயிலுக்குப் போய் நின்றுவிட்டாரே. அப்பாவுக்குத் தெரிந்தால் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அப்பா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். “எது வரைக்கும் போனீங்க?” என்று கேட்டார்.

அத்தை வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, “சும்மா ரொட்டி சானாய் திங்கத்தான் போனோம்பா,” என்றேன்.

அப்பா அத்தையின் நீலச் சேலையைப் பார்த்தார். அத்தை என் தலையில் கையை வைத்தார். நல்லவேளை, அப்பாவுக்குச் சந்தேகம் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு, நிம்மதியாக உள்ளே போனேன்.