றெஜினா மிஸ்ஸி சேர்த்த வெள்ளியும் பீங்கானும் இரும்புத் தொப்பிகளும்

வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதா என்று பார்க்க வயலுக்குப் போயிருந்தேன். கட்டுக்கரைக் குளத்தைத் திறந்து சில நாளாகியும் நானாட்டானில் எங்கள் பக்கத்துக்கு அது எட்டவில்லை. வரம்பில் நின்றபோது தொலைபேசி அடித்தது. தெரியாத இலக்கம். வவுனியாவில் முதியோர் இல்லம் நடத்தும் கன்னியாஸ்திரி ஒருவர் பேசினார். "றெஜினா அம்மா காலமை போயிட்டா. ஆருக்குச் சொல்லுறது எண்டு தெரியேல்ல. உங்கட நம்பர்தான் எங்களிட்ட இருந்தது."

மன்னார்த் தீவில் பாதிப்பேருக்கு ஊசி போட்ட தாதி அவர். அவருடைய சாவைச் சொல்ல அங்கே இருந்தது என்னுடைய இலக்கம் மட்டும். பேசாலையில் அடக்கம் நடந்தபோது குழியைச் சுற்றி நிற்கவும் ஆள் போதவில்லை. வராதவர்களைக் குறை சொல்லமாட்டேன். பலருக்கு அவர் உயிரோடு இருந்ததே தெரியாது. அவருடைய வாட்டில் படுத்திருந்த நோயாளிகள், அவரோடு வேலை செய்தவர்கள், எங்கெங்கோ போய்விட்ட அவருடைய அயலவர்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் அவர் வாட்டில், நான் மருந்து கொடுக்கும் பகுதியில். என்னைவிடச் சில வயது மூத்தவர். தாதிமாரைக் கூப்பிடும் வழக்கப்படி எல்லோருக்கும் அவர் மிஸ்ஸி. எனக்கும் கடைசிவரை மிஸ்ஸிதான். கலியாணம் முடிக்கவில்லை. தகப்பன் விட்டுப்போன பழைய வீட்டில் தனியாக இருந்தார். அந்த வீட்டின் பெரிய அறையில் கண்ணாடி அலுமாரிகளும் பலகைத் தட்டுகளுமாக அவர் சேர்த்த சாமான்கள் நிறைந்திருந்தன.

சேர்க்கத் தொடங்கியது வெள்ளியில். சண்டை மூண்டு சனம் இராமேஸ்வரத்துக்கு வள்ளம் ஏறிய நாட்கள் அவை. தங்கத்தை மடியில் கட்டிக்கொண்டு போகலாம். பன்னீர்ச்செம்பையும் வெற்றிலைத் தட்டத்தையும் எப்படிக் கொண்டுபோவது? வந்த விலைக்கு விற்றார்கள். வாங்கிய தட்டார் அவற்றை உருக்கக் குவித்து வைத்திருந்தார். காதுத் தோட்டைத் திருத்தக் கொடுக்கப்போன மிஸ்ஸி அந்தக் குவியலைக் கண்டார். அதில் ஒரு ஞானஸ்நானக் கிண்ணம் இருந்தது. அந்தக் கிண்ணத்துக்குரிய பிள்ளை பிறந்தபோது கையில் ஏந்தியவர் அவரே. தோட்டைத் திருத்தவில்லை. அதையும் கொடுத்துக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அதன்பிறகு சம்பளம் எடுத்ததும் தட்டார் கடைக்குப் போவது வழக்கமாகிவிட்டது. எது யாருடையது என்று அவருக்குத் தெரியும். எழுதி வைக்கும்படி நான் பலமுறை சொன்னேன். "ஆர் ஆர் இந்தியாவுக்குப் போனவை எண்டு எழுதின பேப்பரை வீட்டுக்க வைச்சிருக்கச் சொல்லுறீரோ தம்பி? எல்லாம் என்ர தலைக்குள்ள கிடக்கு. அங்க ஆமியும் செக் பண்ண ஏலாது" என்றார். அந்தக் காலத்தில் அது சரியான பேச்சு.

பீங்கானை அவரிடம் கொண்டுவந்தது கடல். ஓலைத்தொடுவாயில் மீன்பிடிக்கும் அந்தோனி என்ற ஒருவர், மிஸ்ஸி பார்த்துச் சுகமாக்கியவர், வலையில் சிக்கிய நீலப்பூப் போட்ட தட்டொன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒல்லாந்தர் காலத்துத் தட்டு. விளிம்பில் சிப்பி ஒட்டியிருந்தது. பிறகு மற்றவர்களும் கொண்டுவரத் தொடங்கினார்கள். சாடி, கிண்ணம், மாந்தைப் பக்கத்து மண்ணில் மழைக்குப் பிறகு மேலே வந்த சீனத்துப் பீங்கான் ஓடுகள். உடையாத கோப்பைகளில் வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி கொடுப்பார். உடைத்துவிடுவோம் என்று நாங்கள் தொடத் தயங்குவோம். "குடியும். கோப்பை எண்டால் வாய் வைக்கத்தான்" என்பார்.

கொழும்பிலிருந்து ஒரு வியாபாரி வருடந்தோறும் வான் வண்டியில் வருவார். மரியாதையான மனிதர். அவருக்கும் தேத்தண்ணி உண்டு. "பாருங்கோ, தொட்டும் பாருங்கோ. விலை மட்டும் கேக்காதேங்கோ" என்று மிஸ்ஸி வாசலிலேயே சொல்லிவிடுவார். அவரும் கேட்கமாட்டார். காத்திருக்கத் தெரிந்தவர்.

சண்டைக்காரர் தலையில் போட்ட இரும்புத் தொப்பிகள் கடைசியில் வந்தவை. சண்டை முடிந்தபின் கரையெல்லாம், பற்றைக்காடெல்லாம் அவை கிடந்தன. சனம் அவற்றில் கோழிக்குத் தண்ணீர் வைத்தது, கற்றாழை நட்டது. மிஸ்ஸி சைக்கிளில் புதுப் பிளாஸ்ரிக் பேசின்களைக் கட்டிக்கொண்டு வீடுவீடாகப் போவார். ஒரு பேசினுக்கு ஒரு தொப்பி. ஆமியினது, இயக்கத்தினது, இந்தியன் ஆமியினது, வெள்ளைக்காரன் காலத்துத் தட்டைத் தொப்பிகூட ஒன்று. எல்லாவற்றையும் கலந்தே அடுக்கினார். இது எந்தப் பக்கம், அது எந்தப் பக்கம் என்று வருகிறவர்கள் கேட்பார்கள். "தலை போனபிறகு பக்கத்தைக் கேட்டு என்ன செய்யப்போறீங்கள்?" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார்.

ஒரு தொப்பி அந்தோனியின் வலையில் வந்தது. உள்ளே ஆணியால் கீறிய சிங்கள எழுத்து. ஒரு பெயர், ஒரு ஊர். மிஸ்ஸி அனுராதபுரத்தில் தாதிப் படிப்புப் படித்தவர். அவருக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும். அந்த ஊர் மதவாச்சிக்கு அப்பால் என்று விசாரித்து அறிந்தார். "கொண்டுபோய்க் குடுப்பம். தாய் இருந்தால் ஒண்டாவது கையில இருக்கட்டும்" என்றார். நானும் கூடப் போனேன்.

பஸ் மாறி, பிறகு ஓட்டோ பிடித்து அந்த வீட்டைக் கண்டுபிடித்தோம். தாய் இருந்தார். மெலிந்த, வெள்ளை உடுத்த மனுசி. நாங்கள் மன்னார் என்றதும் பாயை எடுத்துப்போட்டு இருக்கச் சொன்னார். கொடியில் ஆண்பிள்ளைச் சட்டைகள் காய்ந்தன. மகன் காணாமற்போனவர் பட்டியலில் இருக்கிறான், வரும்போது உடுக்க வேண்டும் என்று மாதாமாதம் தோய்த்துப் போடுவதாகச் சொன்னார். எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்த மிஸ்ஸி அந்த இடத்தில் நிறுத்திவிட்டார். ஆனால் அதற்கு முன்பே, கதைத்தபடி, தொப்பியை எடுக்க அவருடைய கை பைக்குள் போயிருந்தது. தொப்பியைத் தாய் கண்டுவிட்டார்.

வாங்கி மடியில் வைத்து, உள்ளே கீறியிருந்ததை விரலால் தடவினார். வெகுநேரம் தடவினார். பிறகு மிஸ்ஸியின் மடியில் திருப்பி வைத்துவிட்டு ஏதோ சொன்னார். "தன்ர பிள்ளையின்ர இல்லையாம்" என்றார் மிஸ்ஸி. தேத்தண்ணி வந்தது. குடித்தோம். படலைவரை கூடவந்த தாய், எங்கே எடுத்தது என்று கேட்டார். கடலில் என்று மிஸ்ஸி சொன்னார். தாயின் பதிலைப் பஸ்ஸில் ஏறியபின்தான் மிஸ்ஸி எனக்குச் சொன்னார்: "என்ர மகனுக்கு நல்லா நீந்தத் தெரியும்."

பஸ் மன்னார்ப் பாலத்தை நெருங்கியது. பாலத்தில் ஏறும்போது சொன்னார். "அந்த மனுசியிட்ட இருந்தது ஒண்டே ஒண்டு தம்பி. அதையும் பறிக்கவெல்லோ போனனான்." அதற்குப் பிறகு எந்தத் தொப்பியின் உள்ளேயும் அவர் பார்க்கவில்லை.

இந்தியாவுக்குப் போன சனம் கொஞ்சங்கொஞ்சமாகத் திரும்பி வந்தது. உரியவர்களைத் தேடிச் சாமானைக் கொடுக்கும் நாள் வந்துவிட்டது என்று மிஸ்ஸி சந்தோசப்பட்டார். வந்தவர்கள் மிகச் சிலர். வந்தவர்களிலும் விற்றவர்கள் இல்லை, அவர்களுடைய பிள்ளைகளே வந்தார்கள். சுகந்தி என்றொரு பெண், அகதி முகாமில் பிறந்தவள், தாயை அங்கேயே அடக்கம் செய்துவிட்டு வந்தவள். மிஸ்ஸி அவளுடைய குடும்பத்துப் பன்னீர்ச்செம்பைத் துடைத்துக் கையில் கொடுத்தார். "அம்மா ஒருநாளும் இதைப்பற்றிச் சொல்லேல்லையே" என்றாள் அவள். அடுத்த கிழமை அது நகைக்கடைக் கண்ணாடிக்குள் இருந்ததைக் கண்டு நான் மிஸ்ஸியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "அவளின்ர சாமான். கூரைக்குத் தகரம் வாங்கியிருப்பாள். இனி எனக்கு அதில என்ன உரித்து?" என்றார். ஆனாலும் அன்று என்னை இருக்கச் சொல்லவில்லை.

பிறகு அவருக்கு ஒரே நினைப்பு. பூட்டுள்ள ஓர் அறை. யாராவது ஓர் அறை தந்தால் முழுவதையும் இலவசமாகக் கொடுத்துவிடுவது. சேர்த்தது சேர்ந்தபடி மன்னாரில் இருக்கவேண்டும், அவ்வளவுதான் கேட்டார். ஒரு கந்தோரில் அதிகாரிகள், பழைய பீங்கான் அரசாங்கத்துக்குரியது, கொழும்புக்குப் போகவேண்டும் என்றார்கள். இன்னொன்றில் தொப்பிகள் பாதுகாப்பு விசயம், தாங்கள் தொடமாட்டோம் என்றார்கள். வெள்ளிக்கு அத்தாட்சி கேட்டார்கள். "ஒரு அறைக்குள்ள சண்டையில்லாமல் இருந்ததுகளைப் பிரிக்கப் பாக்கினம்" என்று சிரித்தார். வருடக்கணக்காக ஏறி இறங்கினார். சிரிப்பு நின்றுபோனது. போவது மட்டும் நிற்கவில்லை.

அப்படிப் போய்வந்த ஒருநாள் பாரிசவாதம் அடித்தது. வலது பக்கம் விழுந்தது. பேச்சுப் போனது. எது யாருடையது என்பதெல்லாம் இருந்த அந்தத் தலையும் போனது. தமையனின் மகள் ஷாமினி லீவு எடுத்துக்கொண்டு கனடாவிலிருந்து ஓடிவந்தாள். மாமியை யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும். அதற்கு வீட்டை விற்கவேண்டும். வீட்டை விற்க அறை வெறுமையாகவேண்டும். கொழும்பு வியாபாரி அன்றும் மரியாதையாகவே வந்து வெள்ளியையும் பீங்கானையும் ஏற்றிப்போனார். தொப்பிகளை அவர் தொடவில்லை. அவற்றை ஏற்றப் பழைய இரும்பு வாங்கும் லொறி வந்தது.

நான் கேள்விப்பட்டுப் போனபோது அறை கழுவிக் கிடந்தது. ஷாமினி அழுதாள். "நான் போனபிறகு ஆரும் வந்து தொப்பியளைப் பற்றி விசாரிச்சால் மாமி என்ன செய்வா அங்கிள்? அவவால கதைக்கவும் ஏலாது" என்றாள். அவளில் எனக்குக் கோபம் வரவில்லை. மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு மன்னார் டவுனில் இரும்பு வாங்குமிடத்துக்குப் போனேன். "அதுகள் காலமையே போயிட்டுது அண்ணை. இண்டைக்குப் பின்னேரம் உலையில" என்றான் அங்கிருந்தவன். திரும்பி வந்து, கதிரையில் சாய்ந்திருந்த மிஸ்ஸியின் முன்னால் குந்தியிருந்தேன். சொல்லத் தேவைப்படவில்லை. இடது கையால் என் தலைமயிரைக் கோதிவிட்டார், காய்ச்சல்காரப் பிள்ளைக்குச் செய்வதுபோல.

வவுனியா இல்லத்தில் அவருக்குப் பேச்சு ஓரளவு திரும்பியது. கடைசியாகப் பார்க்கப் போனபோது, ஆறுதல் சொல்வதாக நினைத்து, இத்தனை வருடம் நீங்கள் காப்பாற்றி வைத்தீர்களே மிஸ்ஸி, அது பெரிய காரியமல்லவா என்றேன். ஒவ்வொரு சொல்லாகத் தேடித்தேடி அவர் சொன்னார்: "இல்லைத் தம்பி. போறதைக் கொஞ்சம் பிந்தப் பண்ணினன். அவ்வளவுதான்." கண் கலங்கவில்லை. நோயாளிக்கு இனி மருந்தில்லை என்று வீட்டாரிடம் சொல்லும்போது வாட்டில் அவருக்கு வரும் அதே குரல்.

அவருடைய சாமான் ஒன்றுகூட என்னிடம் இல்லை. அந்த வாக்கியம் இருக்கிறது. அன்று வவுனியாவிலிருந்து திரும்பிய பஸ்ஸிலும், அடக்கத்தன்று பிரசங்கத்தின்போதும், இதை எழுதும் இப்போதும் அதை மறுத்துச் சொல்ல ஒரு பேச்சைத் தேடுகிறேன். கிடைக்கவில்லை. அவர் எனக்கு விட்டுப்போனது அதுதான்.