நான் நிற்கப் பார்க்காத மனிதர்

என் கைகளுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. நாகர்கோவில் பக்கத்திலிருந்து கப்பலேறி மலாக்கா ஆஸ்பத்திரிக்கு நர்ஸாக வந்த நாளிலிருந்தே அப்படித்தான். டியூட்டி முடிந்து அறைக்கு வந்தால் படுக்கையை உதறுவேன், மறுபடி விரிப்பேன், ஜன்னலைத் திறப்பேன், மூடுவேன். அதுவும் போதாமல் காஜா பெராங்கிலிருந்து உஜோங் பாசிர் கடற்கரைவரை காரணமில்லாமல் நடந்துவிட்டு வருவேன். ஊரே "மெர்டேக்கா" என்று தொண்டை கிழியக் கத்திய நாளில் நான் ஆண்கள் வார்டில் பெட்பான் கழுவிக்கொண்டிருந்தேன். எல்லாருக்கும் கிடைத்த விடுதலை எனக்கு மட்டும் எங்கே போயிற்று என்று எரிச்சலாக வந்தது. எழு என்றால் எழ வேண்டும், ஓடு என்றால் ஓட வேண்டும்.

படம் வரைவது ஒன்றுதான் யாரும் சொல்லாமல் நான் செய்தது. காய்ச்சல் சார்ட்டில் கோடு போடும் சிவப்பு நீலப் பென்சில் தேய்ந்து கட்டையானதும் எடுத்து வைத்துக்கொள்வேன். வீசப்போகிற சாப்பாட்டுச் சீட்டுகளின் பின்பக்கமெல்லாம் நோயாளிகளின் முகங்கள். வார்டு ஆயா ஒருநாள் பார்த்துவிட்டாள். எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள். வாய் கொஞ்சம் நீளம்.

"என்னா மிஸ்ஸி, ஆளுங்க முடியாமக் கெடக்குறாங்க, நீங்க படம் போட்டுக்கிட்டு! மேட்ரன் பாத்தா அவ்ளோதான்லா."

திட்டினாளே தவிரக் காட்டிக்கொடுக்கவில்லை.

நான் குடியிருந்த வீட்டின் அம்மா மலாக்கா செட்டி, பல தலைமுறைக்கு முன்பே வந்து மலாய்ப் பேச்சுக்கு மாறிவிட்ட தமிழ் வம்சம். நெற்றியில் திருநீறு, உடம்பில் சாரோங் கெபாயா, வாயில் மலாய். சாமி பெயர்களைத் தாண்டித் தமிழ் கிடையாது. நான் அவரை மலாய் முறையில் மாக்சிக், அத்தை, என்பேன், அவர் என்னை மிஸ்ஸி என்பார்; அதற்குமேல் பேச இருவருக்கும் வாய் வராது. அவர் கணவர் என் வார்டில்தான், ஏழாம் கட்டிலில், நெஞ்சு நோயோடு இருபது நாள் கிடந்து இறந்தார். அந்தப் பழக்கத்தில்தான் எனக்கு அறை கிடைத்தது.

அதற்குப் பிறகு வந்த முதல் போகி நெருங்கியது. போகியன்று அவர்கள் பர்ச்சு வைப்பார்கள். இறந்தவரின் படத்துக்கு முன் வாழையிலை விரித்து, அவருக்குப் பிடித்ததையெல்லாம் படைத்துவிட்டு, எல்லாரும் அறையை விட்டு வெளியே வந்து, அவர் வந்து சாப்பிடக் காத்திருப்பார்கள். மாக்சிக் அலமாரியிலிருந்து கணவரின் ஒரே ஃபோட்டோவை எடுத்தால், கறையான் கழுத்துவரை தின்றிருந்தது. கோட்டும் சப்பாத்தும்தான் மிச்சம். அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். பிறகு என் பென்சில் கட்டைகளைக் காட்டி, தன் முகத்தைத் தொட்டுக் காட்டி, கைகூப்பினார். முகம் இல்லாத இலைக்கு அவர் வரமாட்டார் என்று மாக்சிக் பயப்படுவது எனக்குப் புரிந்தது.

நான் துள்ளிக்கொண்டு தலையாட்டினேன். இருபது நாள் பார்த்த முகம் மறக்குமா? மூன்றே நாளில் முடித்து, பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மாக்சிக் பார்த்தார். படத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். "புக்கான் டியா," என்றார். அவரில்லை. அவ்வளவுதான், அடுப்படிக்குப் போய்விட்டார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒட்டிய கன்னம், காய்ந்த உதடு, நெற்றியில் இடப்பக்கத் தழும்பு, ஒன்றையும் விடவில்லையே! மறுநாள் படத்தை வார்டுக்கு எடுத்துப்போய் ஆயாவிடம் நீட்டினேன்.

அவள் யோசிக்கவே இல்லை. "ஏழாம் கட்டிலு பேஷண்டுலா இது. மல்லாக்கக் கெடக்குறாரு."

கூசிப்போனேன். முடி பின்னால் சரிந்திருந்தது, தாடை மேலே தூக்கியிருந்தது. கட்டிலோரம் நின்று குனிந்து பார்த்தால் தெரிகிற முகம். அந்த மனிதரை நான் ஒருநாளும் நிற்கப் பார்த்ததில்லை. மாக்சிக் புருஷனைக் கேட்டார். நான் கேஸ் ஷீட்டைக் கொடுத்திருக்கிறேன்.

போகிக்கு நான்கு நாள் இருந்தது. என் ஓய்வு நாளில் ஆயாவை வீட்டுக்கு இழுத்து வந்து, மாக்சிக்கின் கணவர் எப்படி நிற்பார் என்று மலாயில் கேட்கச் சொன்னேன். மாக்சிக் எழுந்து வாசலுக்குப் போனார். அந்த வாசல் தாழ்வானது. மேல்கட்டையைத் தட்டிக் காட்டி, தன் நெற்றியில் அடித்துக்கொண்டு கடகடவென்று பேசினார். நடுவில் சிரிப்பு வேறு.

"நல்ல ஒசரமாம் மிஸ்ஸி. வேலை விட்டு வர்றப்பல்லாம் இதுல இடிச்சுக்குவாராம். இடிச்சிட்டுக் கதவத் திட்டுவாராம். இந்தம்மா உள்ளருந்து குனி, குனின்னு கத்துமாம். முப்பது வருசமாக் கேக்கலயாம்."

அந்தத் தழும்பை இருபது நாளும் ஈரத்துணியால் துடைத்தவள் நான். அது எப்படி வந்தது என்று கேட்கத் தோன்றவேயில்லை.

பிறகு நான் ஒரு நிலையில் இல்லை. ஏழு தாள் கிழித்தேன். மணைப்பலகை மேல் ஏறி நின்று நானே அந்தக் கட்டையில் இடித்துப் பார்த்தேன். கை எப்படி நெற்றிக்கு ஓடுகிறது, வாய் எப்படிக் கோணுகிறது என்று தெரிய வேண்டுமே. நன்றாகவே வலித்தது. அதே பரபரப்புதான், ஆனால் இப்போது அதற்கு ஒரு வேலை இருந்தது, யாரும் ஏவாத வேலை. தலையைத் தேய்த்துக்கொண்டு, "மெர்டேக்கா!" என்று தனியாகக் கத்திச் சிரித்தேன். சந்தோஷமாக இருந்தேன்.

போகியன்று இலையில் மீன் குழம்பும் சம்பாலும் பலகாரங்களும் நிறைந்திருந்தன. அதற்குப் பின்னால் என் படம்: வாசலில் ஓர் உயரமான மனிதர், ஒரு கை நெற்றியில், கதவைத் திட்டும் வாய். மாக்சிக் நெடுநேரம் பார்த்தார். மறுபடி கவிழ்த்துவிடுவாரோ என்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் உறவினரையெல்லாம் வெளியே அனுப்பினார். கடைசியாக நாங்கள் இருவரும் நின்றோம். அப்போது படத்தை நோக்கி விரலை ஆட்டி மலாயில் ஓர் அதட்டல் போட்டார். ஆயா தேவைப்படவில்லை. குனிந்து வா என்கிறார்.

கதவைச் சாத்திவிட்டு வந்து என் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே ஏதாவது இடிபடுகிறதா என்று நான் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.