அலோய்ஸ் கெம்ப்னியின் பெட்டைப்புறா

அலோய்ஸ் கெம்ப்னியைத் திருடன் என்று முதலில் சொன்னவன் நான்தான். இப்போது வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு என்ன பெருமை எனக்கு!

முப்பத்தோரு வருஷம் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கி ஏறியவன் அலோய்ஸ். இடது கையில் இரண்டு விரல்களைச் சுரங்கத்துக்கே கொடுத்துவிட்டான். அப்பா காலத்தில் எங்கள் ஊர் ஜெர்மன்காரன் கையில் இருந்தது, பிறகு போலந்தானது. கொடிதான் மாறியது, செங்கல் குடியிருப்பின் முற்றத்தில் புறாக்கூண்டுகள் அப்படியே இருந்தன. பந்தயத்துக்கு உதவாத புறா ஞாயிற்றுக்கிழமை சூப்பாகிவிடும். அவனுக்குப் பிள்ளை கிடையாது. பெர்லா என்ற சாம்பல்நிறப் பெட்டைப்புறாதான் உயிர்.

அந்தக் கோடையில் பெர்லா தொடர்ந்து நாலு ஞாயிறு பந்தயத்தில் ஜெயித்தது. நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் திறந்துவிடுவோம். கூடு திரும்பும் புறாவின் காலிலிருந்து ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கடிகாரப் பெட்டிக்குள் போட்டால் நேரம் பதிவாகும். அந்தப் பெட்டிகளுக்கு முந்தின நாளே ஈய முத்திரை வைப்பவன் புறாப் பந்தயச் சங்கத்தின் செயலாளன், அதாவது நான்.

பீர்க்கடையில் அவனைச் சீண்டினேன். "ஏண்டா அலோய்ஸ், உன் புறா எஞ்சின் மாட்டிக்கிட்டா பறக்குது?"

"என் வீட்டுல சண்டை இல்ல எர்வின், அதான் சீக்கிரம் வருது. உன் வீட்டுக்கு எந்தப் புறா அவசரமா வரும்?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த ஞாயிறு அவன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முத்திரையில் ஒரு கீறல். பெட்டியைத் திறந்து நேரத்தை மாற்றியிருக்கிறான். மாட்டினான்!

"நான் தொடல எர்வின். நம்ம சுரங்கத்தைக் காக்குற புனித பார்பரா மேல சத்தியம்."

"சத்தியம் பண்றவனைத்தான்டா முதல்ல சந்தேகப்படணும்."

பெட்டியைக் கடிகாரம் செய்த கம்பெனிக்கே பரிசோதனைக்கு அனுப்பினோம். அவனைச் சங்கத்திலிருந்து நிறுத்திவைத்தோம். பீர்க்கடையில் அவன் வந்து உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலி காலியாகும். இறைச்சிக்கடை வரிசையில் அவன் மனைவி த்ரூட்காவைப் பார்த்துப் பெண்கள் குசுகுசுத்தார்கள். நானோ வேலி இடுக்கு வழியாக அவன் கூண்டை வேவு பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் வாரம் கடிதம் வந்தது. கடிகாரம் சரியாக இருக்கிறது, பெட்டியை யாரும் திறக்கவில்லை. அப்படியானால் கீறல்? என் சொந்தப் பெட்டியை எடுத்துப் பார்த்தேன். அதே இடத்தில் அதே கீறல். முத்திரை வைக்கும் என் குறட்டின் வாயில் ஒரு பிசிறு. அட பாவி எர்வின்!

ஞாயிறு மதியம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் வீட்டுப் படியேறினேன். எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். "மன்னிச்சுக்கடா. நாளைக்கே சங்கத்துல எல்லார் முன்னாலயும் சொல்றேன். பெர்லா அடுத்த பந்தயத்துல பறக்கட்டும்."

த்ரூட்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள். அலோய்ஸ் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டான்.

"திருட்டுப் புறான்னு ஊரே சொல்லிச்சு. திருட்டுப் பொருளை வீட்டுல வச்சிக்கிற பழக்கம் எனக்கு இல்ல. உட்காரு, ஆறிடும்."

என் முன்னால் சூப் தட்டை வைத்தான்.