சுனிதா நிறுத்தி நிறுத்திக் காட்டிய பேய்ப்படம்

இறால் உரிக்கும் கொட்டகையில் இன்று சாப்பாட்டு நேரத்தில், பீகாரிலிருந்து வந்த சுனிதா தன் போனில் ஓர் இந்திப் பேய்ப்படம் காட்டினாள். பேய் வீட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களே எடுத்த வீடியோ மாதிரி, படம் முழுக்க ஆடியது.

"கேமரா புடிச்சவனுக்குக் குளிர் ஜுரமா?" என்றார் மேரி அக்கா.

பேயே வராத இடங்களில் சுனிதா படத்தை நிறுத்தினாள். ஓர் அடுப்பு. ஒரு ஜன்னல்.

"இன்னாடி, சுவத்தையே காட்டிகினு கீற? இந்தக் கலீஜ் வூட்ல பேய்கூட குடியிருக்காது!" என்றேன்.

எப்போதும் வாயே திறக்காத நான் பேசியதும் கொட்டகையே சிரித்தது.

சுனிதா மட்டும் சிரிக்கவில்லை. "நம்ம வீடு அது. படம் எடுக்கக் குடுத்தது. அப்புறம் வெள்ளத்துல போச்சு. வேற போட்டோ இல்ல."

நான் போனை வாங்கி, அந்த ஜன்னலை இன்னொரு தடவை பார்த்தேன்.

நாளை அவள் பக்கத்தில் உட்கார்ந்து முழுப்படமும் பார்க்கப் போகிறேன். பேய் வரும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டால் தப்பில்லையே?