இரண்டாவது ஜோடியில் கேட்ட சலங்கை

ஆறு மாதம் விமர்சனங்களாகப் படித்து, மேசைக்கு வாங்க வேண்டிய ஸ்பீக்கரை இரண்டு ஜோடிகளில் ஒன்று என்று முடிவு செய்திருந்தேன். நானே செய்த ஆம்ப்ளிஃபயரை மடியில் வைத்துக்கொண்டு இன்று ஏற்காட்டிலிருந்து பஸ்ஸில் சேலம் போனேன்.

கடைக்காரர் நான் கொண்டுபோன பாட்டையே இரண்டிலும் மாற்றி மாற்றிப் போட்டார்.

"ரெண்டும் ஒண்ணுதானுங்க. இதுக்கா இத்தனை விலை?" என்று சண்டை பிடித்தேன்.

கூட வந்த மனைவி, "ஏனுங்க, ரெண்டாவதுல சலங்கை நொம்ப நல்லா கேக்குதுங்களே" என்றாள்.

சலங்கை எங்கே வரும் என்பது எனக்கு மனப்பாடம். நான்கு முறை போடச் சொன்னேன். என் காதுக்குக் கேட்கவே இல்லை.

"ஊட்டுக்குப் போலாம், வாங்க" என்று அவள் என் கையைப் பிடித்தாள்.

இனி எந்த ஸ்பீக்கர் வாங்கி என்ன? ஆனாலும் எதை வாங்கலாம் என்று இந்தக் குழுவில் உள்ளவர்கள் சொல்லுங்கள். போன் வேண்டாம், எழுதுங்கள்.