மூன்று லாரிகள் நின்ற வரிசை

காவல் ஆய்வாளர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்தார். உட்காரச் சொல்வதற்கு முன்பே முதலாளியின் நாற்காலியில் உட்கார்ந்து, கையிலிருந்த தாளை மேசைமேல் விரித்து வைத்தார். அது ஒரு மின்னஞ்சலின் நகல். அதில் என்ன இருக்கிறது என்பது எங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

எங்கள் அலுவலகம் புதுச்சத்திரத்தில், நெடுஞ்சாலையைப் பார்த்த மாடியில் இருந்தது. கீழே டயர்க் கடை. லாரி எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று உரிமையாளர் தன் கைப்பேசியில் பார்க்கும் செயலி ஒன்றை நடத்தினோம். வண்டியில் நாங்கள் பொருத்தும் பெட்டி அனுப்புகிற தகவல் எல்லாம் அயர்லாந்தில் ஒரு பெரிய வெளிநாட்டு நிறுவனத்தின் கணினிகளில் போய்ச் சேரும். ஆரம்பித்த காலத்தில் அங்கே வாடகை குறைவு. வேறு காரணம் இல்லை.

முதலாளி ராசிபுரத்து நெசவுக் குடும்பம், என்னைவிட இளையவர். நான் சேலத்தில் ஒரு நாளிதழில் செய்தி திருத்திக்கொண்டிருந்தேன். அந்தப் பதிப்பு நின்றபின் இங்கே வந்தேன். செயலியில் வரும் தமிழ் வாக்கியங்களை எழுதுவதும் வாடிக்கையாளர்களின் தொலைபேசிக்குப் பதில் சொல்வதும் என் வேலை.

முந்தைய வாரம் ஒரு சுங்கச்சாவடியில் கட்டண உயர்வை எதிர்த்து ஓட்டுநர்கள் மறியல் செய்தார்கள். ஒரு கூண்டின் கண்ணாடி உடைந்தது. உடைத்தவர்கள் சிலர்தான். ஆனால் வரிசை நகராமல் அங்கே நின்ற வண்டிகள் ஏராளம். அந்தப் பிற்பகல் அங்கே நின்ற எங்கள் வாடிக்கையாளர்களின் வண்டிகள் அத்தனையும் காவல்துறைக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் எல்லா ஓட்டுநரையும் நிலையத்துக்குக் கூப்பிடுவார்கள். வழக்கில் பெயர் ஏறிய ஓட்டுநரை நம்பி வடநாட்டு லோடு ஏற்ற யாரும் முன்வர மாட்டார்கள்.

காவல்துறையினர் முதலில் எங்களிடம் வரவில்லை, நேரே வெளிநாட்டு நிறுவனத்துக்கு எழுதினார்கள். அது மரியாதையாக மறுத்தது. தகவல் வாடிக்கையாளருடையது, இரு நாட்டு அரசுகளுக்கும் இடையிலான சட்ட வழியில் வாருங்கள், மொத்தமாகக் கேட்டால் எதிர்ப்போம் என்று பதில் போட்டது. அன்றே எங்களுக்கும் ஒரு வரி எழுதித் தெரிவித்தது. மேசைமேல் கிடந்தது அந்தப் பதில்தான்.

“அவன் கடல் தாண்டி உக்காந்துக்கிட்டு மாட்டேன்றான், தம்பி. நீங்க இங்கதான இருக்கீங்க?” என்றார் ஆய்வாளர் முதலாளியிடம்.

“இங்கதான் சார் இருக்கேன். எந்த வண்டின்னு சொல்லுங்க. கோர்ட் ஆர்டரோட வாங்க, குடுத்துடறேன். எல்லா வண்டியும்னா முடியாதுங்க சார்.”

“அவனுக்கு வக்கீல் பட்டாளமே இருக்கு. உனக்கு யாரு இருக்கா?”

“கீழ டயர்க் கடைக்காரர் இருக்காருங்க.”

ஆய்வாளருடன் வந்த காவலர் சிரித்துவிட்டு உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டார். ஆய்வாளர் சிரிக்கவில்லை. தன் கைப்பேசியில் எங்கள் செயலியைத் திறந்து முதல் பக்கத்தில் இருந்ததை நிறுத்தி நிறுத்திப் படித்தார். “உங்கள் வண்டி எங்கே இருக்கிறது என்பதை நீதிமன்றம் கேட்டாலன்றி யாருக்கும் சொல்ல மாட்டோம்.” நிமிர்ந்து பார்த்தார். “யாரு எழுதுனது இது?”

“நான்தான் சார்,” என்றேன்.

“நல்லா எழுதியிருக்கீங்க மேடம். இதால இவரு கம்பி எண்ணப் போறாரு. நாளைக்குக் காலைல வண்டி கொண்டாந்து இங்க இருக்கிற கம்ப்யூட்டர் எல்லாத்தையும் ஏத்திக்கிட்டுப் போயிடுவோம்.”

முதலாளி நின்றுகொண்டிருந்தார். அவருடைய நாற்காலியில் ஆய்வாளர் இருந்ததால் அவருக்கு உட்கார இடம் இல்லை.

அப்போதுதான் ஒரு பெரியவர் படியேறி வந்தார். சேந்தமங்கலம் பக்கத்து விவசாயி, எங்கள் முதல் வாடிக்கையாளர்களில் ஒருவர். கீழே டயர் மாற்ற வந்தவருக்குக் கடைக்காரர் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்.

“ஏனுங்க சார், தம்பியை எதுக்குங்க மெரட்டறீங்க? என்ற வண்டியும் அன்னிக்கு அந்த வழியாத்தான் வந்துச்சு. ஒளிக்கறதுக்கு என்ன இருக்குது? நானே காட்டறனுங்க.”

“வேண்டாங்க ஐயா,” என்றார் முதலாளி.

“நீ சும்மா இரு சாமி.”

பெரியவர் கைப்பேசியை ஆய்வாளரின் முகத்துக்கு நேரே பிடித்தார். தன் தொலைபேசி எண்ணை அழுத்தினார். கடவுச்சொல் கேட்டது. வண்டியின் பதிவெண்ணை, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே, ஒவ்வோர் எழுத்தாக அழுத்தினார். ஆய்வாளரின் பார்வை திரையில் இல்லை, விரலில் இருந்தது.

பெரும்பாலான லாரிக்காரர்கள் பதிவெண்ணையே கடவுச்சொல்லாக வைத்திருந்தார்கள். மாற்றுங்கள் என்று நான் சொல்லாத வாடிக்கையாளர் இல்லை. “ஊட்டுக்காரி பாக்கோணும், மச்சான் பாக்கோணும், புரோக்கர் பாக்கோணும். எல்லாருக்கும் ஞாபகம் இருக்கற நெம்பரு அதுதானுங்க அம்மிணி,” என்பார்கள். ஆகவே உள்ளே நுழைய வேண்டியது இரண்டே எண்கள். தொலைபேசி எண்ணும் பதிவெண்ணும் லாரியின் பின்பக்கத்தில் பெயிண்டில் எழுதியிருக்கும்.

ஆய்வாளர் அந்தப் பிற்பகலைக் காட்டச் சொன்னார். வண்டி சுங்கச்சாவடியில் நெடுநேரம் அசையாமல் நின்றது வரைபடத்தில் சிவப்புப் புள்ளியாகத் தெரிந்தது.

“அது க்யூவுல நின்னதுங்க.”

“எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. வண்டி யாரு ஓட்டறது?”

பெரியவரின் குரல் இறங்கிவிட்டது. “என்ற தங்கச்சி பையனுங்க.”

“நாளைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லுங்க.”

அதன்பின் ஆய்வாளர் அவசரம் காட்டவில்லை. “ஆர்டரோடவே வரேன், தம்பி,” என்று எழுந்தார். நான் சன்னல் ஓரம் போய் நின்றேன். டயர்க் கடை முன்னால் மூன்று லாரிகள் வரிசையாக நின்றன. முதலில் பெரியவருடையது, அடுத்தது முட்டை வண்டி, கடைசியில் தார்ப்பாய் கட்டிய நீள வண்டி. ஆய்வாளர் ஒவ்வொன்றின் பின்னாலும் நின்று கைப்பேசியை உயர்த்தினார்.

நான் சொல்வதற்கு முன்பே முதலாளி கணினி முன் உட்கார்ந்துவிட்டார். தகவலில் ஒரு புள்ளியையும் அவர் தொடவில்லை. அழித்தால் அது வேறு குற்றம். எல்லா வாடிக்கையாளரின் கடவுச்சொல்லையும் ஒரே நேரத்தில் செல்லாததாக்கினார். அவரவர் கைப்பேசிக்கு வரும் எண்ணைப் போட்டுப் புதியது வைத்தால்தான் இனி எவருக்கும் திறக்கும்.

“திட்டுவாங்க அக்கா,” என்றார்.

திட்டினார்கள். பொழுது சாயும்வரை தொலைபேசியை நான் கீழே வைக்கவில்லை. “வண்டி நாக்பூர் தாண்டுச்சா இல்லியான்னே தெரியலீங்க. பூட்டு போடற வேலைய எவன் சொன்னான் உங்களுக்கு?” என்றார் ஒருவர். போலீஸ் கேட்டால் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே என்றவர்களும் உண்டு. மேச்சேரிக்காரர் ஒருவர் எங்கள் பெட்டியைக் கழற்றிக் கீழே டயர்க் கடையிலேயே கொடுத்துவிட்டார். பெரியவர் மட்டும் கூப்பிடவில்லை.

மறுநாள் காலை, கணினிகளை ஏற்ற வண்டி எதுவும் வரவில்லை. செயலிக்குள் நுழைய முயன்றவர்களின் பதிவை முதலாளி திரையில் காட்டினார். முந்தைய மாலை, பூட்டிய சில மணி நேரத்துக்குள், ஒரே இணைப்பிலிருந்து யாரோ மூன்று எண்களைப் போட்டு முயன்றிருந்தார்கள். மூன்றுக்கும் பழைய கடவுச்சொல், மூன்றும் திறக்கவில்லை. முதலில் பெரியவருடைய எண், அடுத்து முட்டை வண்டி, பிறகு தார்ப்பாய் வண்டி. யார் முயன்றார் என்று நான் எழுத முடியாது, அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. லாரிகள் நின்ற வரிசையைத்தான் எழுத முடியும்.

பெரியவரின் தங்கை மகனைப் பகல் முழுக்க உட்கார வைத்துக் கேட்டார்கள். சாவடியின் கேமராவில் அவன் வண்டியைவிட்டு இறங்கவே இல்லை என்று தெரிந்தபின் அனுப்பினார்கள். அதற்குள் அவனுடைய லோடு வேறு வண்டிக்குப் போய்விட்டிருந்தது.

பிறகு ஒருநாள் ஆய்வாளர் நீதிமன்ற உத்தரவோடு வந்தார். இரண்டு வண்டிகள், ஒரு பிற்பகல். முதலாளி உத்தரவை முழுவதும் படித்தார். ஒருமுறை என்னையும் படிக்கச் சொன்னார். கேட்டதை எடுத்துக் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டார். இந்த முறை ஆய்வாளர் எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

போகும்போது படியருகே நின்றார். “அன்னிக்கு சாயங்காலம் உங்க ஆப்பு வேலை செய்யலையாமே?”

“யாருங்க சார் சொன்னாங்க?” என்றார் முதலாளி.

ஆய்வாளர் அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். படியிறங்கிப் போனார்.